சர்வதேச கிளப் கால்பந்துப் பந்தயங்களில் நிறுவனங்களின் மார்ஜினை ஒப்பிடுவது எப்படி?

கால்பந்துப் பந்தயத்தில் ஆட்ஸ் என்பது ஒரு விலை. அந்த விலைக்குள் பந்தய நிறுவனத்தின் பங்கு முன்கூட்டியே சேர்க்கப்பட்டிருக்கிறது. அது தனிக் கட்டணமாக ரசீதில் வருவதில்லை என்பதால், புதிதாக வருபவர்களில் பலர் தாம் எவ்வளவு செலுத்துகிறோம் என்று தெரியாமலேயே பல மாதங்கள் பந்தயம் கட்டிவிடுகிறார்கள். மார்ஜின் எனப்படும் அந்தப் பங்கைக் கண்டுபிடிக்கப் பள்ளிக்கூட வகுத்தலும் கூட்டலும் போதும். கணக்கைவிடக் கடினமானது, இரண்டு நிறுவனங்களின் எண்களை அருகருகே வைக்கும்போது உண்மையிலேயே ஒரே பொருளைத்தான் ஒப்பிடுகிறோமா என்று உறுதி செய்துகொள்வது. ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக், யூரோப்பா லீக், தென் அமெரிக்காவின் கோபா லிபெர்ட்டடோரஸ், ஃபிஃபா கிளப் உலகக் கோப்பை போன்ற சர்வதேச கிளப் போட்டிகளில் இந்தச் சிக்கல் உள்நாட்டு லீக்குகளைவிட அதிகம். இரண்டு ஆட்டங்களாக நடக்கும் சுற்றுகள், கூடுதல் நேரம், பெனால்டி, இரு அணிக்கும் சொந்தமல்லாத பொது மைதானம், 36 அணிகள் கொண்ட ஒரே பட்டியல் என ஒவ்வொன்றும் தனித்தனிச் சந்தைகளை, அதாவது பந்தயம் கட்டக்கூடிய தனித்தனிக் கேள்விகளை, உருவாக்குகின்றன.

தொடங்குமுன் இரண்டு செய்திகளைச் சொல்லிவிட வேண்டும். விளையாட்டுப் பந்தயம் சில நாடுகளில் உரிமம் பெற்ற தொழில், வேறு சில நாடுகளில் முற்றிலும் தடை செய்யப்பட்ட செயல். எனவே தாம் வாழும் இடத்தின் சட்டத்தையும் வயது வரம்பையும் பார்த்த பிறகே மற்றதைப் பற்றி யோசிக்க வேண்டும். அடுத்தது, மார்ஜின் குறைந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தால் லாபம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறைந்த மார்ஜின் இழப்பின் வேகத்தைத்தான் குறைக்கிறது. நிறுவனத்தைவிடத் துல்லியமாக ஆட்டத்தைக் கணிக்கும் திறன் இல்லாதவருக்கு, 2% மார்ஜின் உள்ள இடத்திலும் நீண்ட காலத்தில் பணம் குறையவே செய்யும்.

முதல் படி: ஆட்ஸை நிகழ்தகவாக மாற்றுதல்

டெசிமல் முறையில் எழுதப்பட்ட ஆட்ஸ், கட்டிய தொகையையும் சேர்த்து எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதைக் காட்டுகிறது. 1.80 என்றால் 100 அலகுக்கு 180 அலகு. 1ஐ ஆட்ஸால் வகுத்தால், அந்த விலைக்குள் அடங்கியிருக்கும் நிகழ்தகவு கிடைக்கும். சாம்பியன்ஸ் லீக் ஆட்டம் ஒன்றுக்கு ‘அ’ என்ற நிறுவனம் உள்ளூர் அணியின் வெற்றிக்கு 1.80, சமநிலைக்கு 3.75, வெளியூர் அணியின் வெற்றிக்கு 4.50 என்று விலை வைத்திருப்பதாகக் கொள்வோம். இவை முறையே 55.56%, 26.67%, 22.22% ஆகின்றன. (இந்தக் கட்டுரையில் வரும் ஆட்ஸ் எண்கள் அனைத்தும் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை.)

பிரிட்டனில் இன்னும் புழங்கும் பின்ன முறையில் இதே மூன்று விலைகள் 4/5, 11/4, 7/2 என்று எழுதப்படும். பின்னத்தை வகுத்து ஒன்றைக் கூட்டினால் டெசிமல் எண் வந்துவிடும். அமெரிக்க முறையில் இவை −125, +275, +350. மிகை எண்ணாக இருந்தால் அதை 100ஆல் வகுத்து ஒன்றைக் கூட்ட வேண்டும். குறை எண்ணாக இருந்தால் குறியை விட்டுவிட்டு 100ஐ அந்த எண்ணால் வகுத்து ஒன்றைக் கூட்ட வேண்டும். பெரும்பாலான தளங்களின் அமைப்புகளில் டெசிமல் முறைக்கு மாற்றும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்திவிடுவது நல்லது, ஏனெனில் மற்ற இரண்டு முறைகளிலும் எண்களைக் கண்ணால் பார்த்து ஒப்பிடுவது வீண் சிரமம்.

இரண்டாம் படி: கூட்டுதல், எந்தச் சதவீதத்தைச் சொல்கிறோம் என்று முடிவு செய்தல்

மூன்று நிகழ்தகவுகளையும் கூட்டினால் 104.44% வருகிறது. நடக்கக்கூடிய முடிவுகள் மூன்றே என்பதால் நியாயமான கூட்டுத்தொகை 100% ஆகத்தான் இருக்க வேண்டும். மிகுதியான 4.44% ஓவர்ரவுண்ட் எனப்படுகிறது. சிலர் இதையே மார்ஜின் என்கிறார்கள். வேறு சிலர், 1ஐ 1.0444ஆல் வகுத்து 95.74% என்ற திருப்பிச் செலுத்தும் விகிதத்தைக் கண்டு, அதை 100இலிருந்து கழித்து வரும் 4.26%ஐ மார்ஜின் என்கிறார்கள். இரண்டும் சரியான கணக்குகள்தாம். ஆனால் ஒரு நிறுவனத்தை முதல் முறையிலும் இன்னொன்றை இரண்டாம் முறையிலும் அளந்து ஒப்பிட்டால் பிழை வரும். மார்ஜின் சிறியதாக இருக்கும்போது இந்த வேறுபாடு அற்பம். கூட்டுத்தொகை 125% ஆக இருக்கும் சரியான ஸ்கோர் சந்தையில் முதல் முறை 25% என்றும் இரண்டாம் முறை 20% என்றும் சொல்லும். கட்டும் பணத்தில் எவ்வளவு நிறுவனத்திடம் தங்குகிறது என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வது இரண்டாவது முறையே என்பதால், நான் அதையே விரும்புகிறேன். கீழே ‘மார்ஜின்’ என்று வரும் இடங்களில் எல்லாம் அதையே கொள்ளவும்.

‘ஆ’ என்ற நிறுவனம் அதே ஆட்டத்துக்கு 1.75, 3.60, 4.20 என்று விலை வைத்தால் கூட்டுத்தொகை 108.73%, மார்ஜின் 8.03%. பார்வைக்கு ஒவ்வொரு எண்ணும் சற்றே குறைவாகத்தான் தெரிகிறது. ஆனால் எடுத்துக்கொள்ளும் பங்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு.

மூன்றாம் படி: ஒரே சந்தை, ஒரே தீர்வு விதி

புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இந்தப் படியில்தான். தீர்வு விதி என்பது, பந்தயம் வென்றதா தோற்றதா என்று நிறுவனம் முடிவு செய்யும் விதி. வெற்றி, சமநிலை, தோல்வி என்ற மூன்று முடிவுச் சந்தை வழக்கமாக 90 நிமிட ஆட்டத்தையும் அதனுடன் நடுவர் சேர்க்கும் நிறுத்த நேரத்தையும் மட்டுமே கணக்கில் கொள்கிறது. கூடுதல் நேரமும் பெனால்டியும் அதில் சேராது. 2012 சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியில் செல்சி கோப்பையை வென்றது. ஆனால் பேயர்ன் மியூனிக்குடனான ஆட்டம் 90 நிமிட முடிவில் 1–1 என்று இருந்ததால், மூன்று முடிவுச் சந்தையில் வென்றது சமநிலை. கோப்பையை உயர்த்தும் அணி, அடுத்த சுற்றுக்குத் தகுதி பெறும் அணி ஆகிய சந்தைகள் இதிலிருந்து வேறானவை. அவற்றில் முடிவுகள் இரண்டே. கூடுதல் நேரமும் பெனால்டியும் சேரும். 2.10 என்ற ஒரு விலையையும் 1.65 என்ற இன்னொரு விலையையும் பார்த்து முதலாவது தாராளம் என்று முடிவு செய்யும் முன், இரண்டும் எந்தச் சந்தையின் விலைகள் என்று பார்க்க வேண்டும்.

போட்டி அமைப்பாளரின் விதியும் இங்கே நுழைகிறது. ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபா தனது கிளப் போட்டிகளில் வெளியூர் கோல் விதியை (மொத்தக் கோல்கள் சமமானால் வெளியூரில் அதிகக் கோல் அடித்த அணி முன்னேறும் விதியை) 2021–22 பருவத்திலிருந்து நீக்கிவிட்டது. எனவே இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கோல்கள் சமமானால் இரண்டாவது ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் செல்லும். கோபா லிபெர்ட்டடோரஸில் இறுதிப்போட்டிக்கு முந்தைய நாக் அவுட் சுற்றுகளில் கூடுதல் நேரம் இல்லை. மொத்தக் கோல்கள் சமமானால் நேராகப் பெனால்டிதான். தகுதி பெறும் அணிச் சந்தையின் விலையை மூன்று முடிவுச் சந்தையின் விலையிலிருந்து தாமாகவே சரிபார்க்க முயல்பவர்களுக்கு இந்த வேறுபாடு தேவைப்படும்.

இன்னொரு வலை சலுகை விதிகளில் இருக்கிறது. தான் தேர்ந்த அணி இரண்டு கோல் முன்னிலை பெற்றவுடன் அந்தப் பந்தயத்தை வென்றதாகவே கருதிப் பணம் கொடுக்கும் சலுகையைச் சில நிறுவனங்கள் தருகின்றன. 2025 ஆகஸ்டில் நடந்த யூஃபா சூப்பர் கோப்பை ஆட்டத்தில் டோட்டன்ஹாம் 2–0 என்று முன்னிலையில் இருந்தது. கடைசி நிமிடங்களில் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் 2–2 என்று சமன் செய்து பெனால்டியில் வென்றது. அந்தச் சலுகை இருந்த சந்தையில் டோட்டன்ஹாமின் மேல் கட்டியவருக்குப் பணம் கிடைத்திருக்கும். இல்லாத சந்தையில் கிடைத்திருக்காது. சலுகையுள்ள சந்தையின் மார்ஜின் 6%, சலுகையற்றதன் மார்ஜின் 4% என்றால், முதலாவது அதிக விலை என்று உடனே சொல்லிவிட முடியாது. அவை இரண்டு வேறு பொருள்கள். நான் இத்தகைய சந்தைகளை ஒப்பீட்டுப் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. சலுகையின் மதிப்பைத் தனியாகக் கணிக்கத் தெரியாதவர்களுக்கு அதுவே பாதுகாப்பான வழி.

நான்காம் படி: கூட்டுத்தொகை எப்போதும் 100 அல்ல

பல சந்தைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட தேர்வுகள் ஒரே நேரத்தில் வெல்லும். இரட்டை வாய்ப்புச் சந்தையில் ‘உள்ளூர் அணி அல்லது சமநிலை’, ‘உள்ளூர் அணி அல்லது வெளியூர் அணி’, ‘சமநிலை அல்லது வெளியூர் அணி’ என்ற மூன்று தேர்வுகளில் எப்போதும் இரண்டு வெல்வதால், நியாயமான கூட்டுத்தொகை 200%. அவற்றின் விலைகள் 1.22, 1.29, 2.05 என்றால் கூட்டுத்தொகை 208.27%. இதை 100உடன் ஒப்பிட்டு அதிர்ச்சி அடைய வேண்டியதில்லை. இரண்டால் வகுத்தால் 104.13%, அதற்கான மார்ஜின் 3.97%.

2024–25 பருவத்திலிருந்து சாம்பியன்ஸ் லீக்கின் குழுச் சுற்று நீக்கப்பட்டு, 36 அணிகள் ஒரே பட்டியலில் தலா 8 ஆட்டங்கள் ஆடும் லீக் கட்டம் வந்திருக்கிறது. முதல் 8 அணிகள் நேராகக் கடைசி 16 சுற்றுக்குச் செல்கின்றன. 9 முதல் 24 வரையிலான அணிகள் பிளே ஆஃப் ஆடுகின்றன. ஆகவே ‘முதல் எட்டுக்குள் முடிக்கும் அணி’ என்ற சந்தையின் நியாயமான கூட்டுத்தொகை 800%. ‘முதல் 24க்குள்’ என்றால் 2400%. ‘இறுதிப்போட்டிக்குச் செல்லும் அணி’ என்றால் 200%. முதல் எட்டுச் சந்தையில் 36 அணிகளின் நிகழ்தகவுகளையும் கூட்டி 880% வந்தால், அதை 8ஆல் வகுத்து 110% என்று எடுத்துக்கொள்ள வேண்டும், மார்ஜின் 9.09%.

இத்தகைய நீண்ட பட்டியல்களில் எல்லாத் தேர்வுகளும் காட்டப்பட்டிருக்கின்றனவா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனம் 36 அணிகளுக்கும் விலை காட்டி, இன்னொன்று முன்னணி அணிகள் இருபதுக்கு மட்டும் காட்டினால், இரண்டாவதன் கூட்டுத்தொகை இயல்பாகவே குறைந்து, மார்ஜினும் குறைந்தது போலத் தோன்றும். அதிக கோல் அடிப்பவர் சந்தையில் இன்னொரு விதியும் உண்டு. 2023–24 பருவத்தில் ஹாரி கேனும் கிலியன் எம்பாப்பேயும் தலா 8 கோல்களுடனும், 2024–25இல் செர்ஹூ கிராஸியும் ரஃபின்யாவும் தலா 13 கோல்களுடனும் சமமாக முடித்தார்கள். இப்படி நேரும்போது பல நிறுவனங்கள் கட்டிய தொகையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் முழு ஆட்ஸைக் கொடுக்கின்றன. வேறு சில இடங்களில், ஆடிய நிமிடங்கள் போன்ற ஒரு துணை அளவுகோலைக் கொண்டு ஒருவரை மட்டும் வெற்றியாளராகக் கொள்ளும் விதி இருக்கலாம். விதி வேறாக இருக்கும்போது மார்ஜின் எண்களை ஒப்பிடுவதில் பொருளில்லை.

ஐந்தாம் படி: ஒரே நேரத்தில் எடுத்த விலைகள்

ஆட்ஸ் நகர்ந்துகொண்டே இருக்கும். காலையில் ஒரு தளத்திலும் மாலையில் இன்னொரு தளத்திலும் குறித்துக்கொண்ட எண்களை ஒப்பிட்டால், இடையில் வந்த காயச் செய்தியை அளக்கிறோமா, நிறுவனத்தின் பங்கை அளக்கிறோமா என்று தெரியாது. ஆடும் பதினொருவரின் பட்டியல் வெளியாகும் நேரத்தை ஒட்டி விலைகள் வேகமாக மாறுவதால், அந்த வேளையில் சில நிமிட இடைவெளிகூட அதிகம். லீக் கட்டத்தின் கடைசி நாள் இதற்குச் சோதனையான நாள்: 2025 ஜனவரி 29 அன்று 18 ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்கின. அத்தகைய இரவில் ஒன்றிரண்டு ஆட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லாத் தளங்களையும் அடுத்தடுத்துப் பார்த்து முடிப்பதே நடைமுறைக்கு உகந்தது.

சந்தை திறக்கும் பொழுதும் ஆட்டம் தொடங்கும் பொழுதும் மார்ஜின் ஒன்றாக இருப்பதில்லை. தொடக்கத்தில் நிறுவனத்துக்குத் தன் கணிப்பில் உறுதி குறைவு என்பதால் பங்கு அகலமாகவும், ஏற்கும் தொகை சிறியதாகவும் இருக்கும். ஆட்டம் நெருங்க நெருங்கப் பங்கு சுருங்கும். ஜூலையில் நடக்கும் தகுதிச் சுற்று ஆட்டங்களில், அதிகம் அறியப்படாத இரு கிளப்கள் மோதும்போது, மார்ஜின் இறுதிப்போட்டியின் மார்ஜினைவிடப் பெரிதாக இருப்பதற்கும் இதுவே காரணம். எனவே ஒரு நிறுவனத்தை இறுதிப்போட்டியின் விலையை மட்டும் பார்த்து எடைபோடக் கூடாது. எல்லோரும் கவனிக்கும் அந்த ஒரு சந்தையில் விலையைக் கூர்மையாக வைத்துவிட்டு, மற்ற இடங்களில் தாராளமாக எடுத்துக்கொள்வது வணிகத்தில் பழைய வழக்கம்.

ஆறாம் படி: மார்ஜினையும் விலையையும் பிரித்துப் பார்த்தல்

மூன்றாவதாக ‘இ’ என்ற நிறுவனத்தைச் சேர்த்துக்கொள்வோம். அது உள்ளூர் அணிக்கு 1.83, சமநிலைக்கு 3.70, வெளியூர் அணிக்கு 4.20 தருகிறது. கூட்டுத்தொகை 105.48%, மார்ஜின் 5.20%. ‘அ’ நிறுவனத்தின் 4.26%ஐவிட இது அதிகம். ஆனால் உள்ளூர் அணியின் மேல் கட்டப் போகிறவருக்கு ‘அ’ தருவது 1.80, ‘இ’ தருவது 1.83. மார்ஜின் அதிகமுள்ள நிறுவனமே அவருக்கு நல்ல விலையைத் தருகிறது. தன் பங்கின் பெரும்பகுதியை அது வெளியூர் அணியின் விலையில் ஏற்றிவைத்திருக்கிறது. அந்த அணியை வாங்காதவருக்கு அதனால் நட்டமில்லை.

மார்ஜின் என்பது முழுச் சந்தையின் சராசரி. மளிகைக் கடையொன்றின் பொதுவான விலை மலிவாக இருப்பதால் அங்கே துவரம்பருப்பும் மலிவாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாதது போலத்தான் இது. ஆகவே, எந்தெந்த நிறுவனங்களில் கணக்கு வைத்திருப்பது என்று முடிவு செய்ய மார்ஜினைப் பயன்படுத்த வேண்டும். ஒரு குறிப்பிட்ட பந்தயத்தை எங்கே கட்டுவது என்று முடிவு செய்ய அந்தத் தேர்வின் ஆட்ஸை மட்டுமே பார்க்க வேண்டும். ஒப்பீட்டுத் தளங்கள் பலவும் நிறுவனங்களை மார்ஜின் வரிசையில் அடுக்கிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. அது பாதி வேலைதான்.

மூன்று நிறுவனங்களின் சிறந்த விலைகளை மட்டும் எடுத்தால் 1.83, 3.75, 4.50. இவற்றின் கூட்டுத்தொகை 103.53%, மார்ஜின் 3.41%. தனித்தனியாக எந்த நிறுவனமும் தராத மார்ஜின், மூன்றையும் சேர்த்துப் பார்ப்பவருக்குக் கிடைக்கிறது. புதிதாக இன்னொரு நிறுவனத்தில் கணக்குத் தொடங்கலாமா என்ற கேள்விக்கும் இதே கணக்கு விடை சொல்லும்: அதைச் சேர்த்த பிறகு இந்தக் கூட்டு மார்ஜின் குறைகிறதா என்று பார்த்தால் போதும். மேலே உள்ள எடுத்துக்காட்டில் ‘ஆ’ நிறுவனம் எந்த முடிவிலும் சிறந்த விலையைத் தரவில்லை. அது பட்டியலில் இருந்தும் இல்லாத கணக்குதான். கூட்டுத்தொகை அரிதாக 100%க்குக் கீழே இறங்குவதும் உண்டு. அப்படி வந்தால் மகிழ்வதற்கு முன், விலைகளில் ஒன்று பழையதாகிவிட்டதா, தீர்வு விதி வேறா என்று பாருங்கள். பெரும்பாலும் விளக்கம் அங்கேதான் கிடைக்கும்.

ஏழாம் படி: பங்கு எந்த முடிவில் ஏற்றப்பட்டிருக்கிறது?

மார்ஜினை நீக்கி ‘நியாயமான’ நிகழ்தகவைக் காண எளிய வழி, ஒவ்வொன்றையும் கூட்டுத்தொகையால் வகுப்பது. ‘அ’ நிறுவனத்தின் உள்ளூர் அணி விலையில் 55.56ஐ 1.0444ஆல் வகுத்தால் 53.19% வருகிறது. வலிமையில் நெருங்கிய இரு அணிகள் மோதும் ஆட்டத்துக்கு இது போதுமானது. ஐரோப்பாவின் பெரும் பணக்கார கிளப் ஒன்று சிறிய லீக்கின் சாம்பியனைத் தன் மைதானத்தில் சந்திக்கும் ஆட்டத்துக்கு இது போதாது. சர்வதேச கிளப் போட்டிகளில் அத்தகைய ஆட்டங்கள் ஏராளம்.

அப்படி ஓர் ஆட்டத்தின் விலைகள் 1.10, 10.00, 21.00 என்று வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 105.67%. உண்மையான வாய்ப்புகள் 89%, 8%, 3% என்று நமக்குத் தெரிந்திருந்தால், வலுவான அணியின் மேல் கட்டும் 100 அலகுக்குச் சராசரியாக 97.9 அலகு திரும்பும். சமநிலையின் மேல் கட்டினால் 80. பலவீனமான அணியின் மேல் கட்டினால் 63. சந்தையின் மார்ஜின் 5.37% என்ற ஒரே எண்ணுக்குள் 2% செலவும் 37% செலவும் ஒளிந்திருக்கின்றன. குறைந்த வாய்ப்புள்ள முடிவுகளின் விலையில் பங்கை அதிகமாக ஏற்றும் இந்தப் போக்கு குதிரைப் பந்தயத்திலும் நெடுங்காலமாகக் கவனிக்கப்பட்டு வருவது. உள்விவரம் அறிந்த சிலர் தன்னிடம் பந்தயம் கட்டக்கூடும் என்ற அச்சமே விலை வைப்பவரை அப்படிச் செய்யத் தூண்டுகிறது என்று பொருளியலாளர் ஹியூன் சாங் ஷின் 1990களின் தொடக்கத்தில் விளக்கினார். அவர் பெயரால் வழங்கும் கணக்கு முறையும், எல்லா நிகழ்தகவுகளையும் ஒரே அடுக்குக்கு உயர்த்திக் கூட்டுத்தொகையை 100க்குக் கொண்டுவரும் முறையும் எளிய வகுத்தலைவிட இத்தகைய ஆட்டங்களுக்குப் பொருத்தமானவை. தொடக்கத்தில் அவற்றைக் கற்க வேண்டிய கட்டாயமில்லை, ஆனால் 21.00 போன்ற விலைகளை ஒப்பிடும்போது சந்தையின் சராசரி மார்ஜினை நம்பக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மிகச் சிறிய ஆட்ஸில் ஒரு புள்ளி வேறுபாடும் பெரிது. 1.10க்கும் 1.11க்கும் இடையே நிகழ்தகவு 90.91%இலிருந்து 90.09%க்கு இறங்குகிறது. அதே 0.01 வேறுபாடு 4.50 அருகே ஏறக்குறைய ஒன்றுமேயில்லை.

ஏசியன் ஹேண்டிகேப் (ஓர் அணியின் கோல் கணக்கில் −1 போன்ற ஓர் எண்ணைச் சேர்த்து முடிவைப் பார்ப்பது; அந்த எண்ணே கோடு), இத்தனை கோல்களுக்கு மேல் அல்லது கீழ் போன்ற இரு முடிவுச் சந்தைகளில் இந்தச் சாய்வு குறைவு, ஏனெனில் இரு பக்கமும் ஏறத்தாழ சமமாக இருக்குமாறு கோடு அமைக்கப்படுகிறது. இருபுறமும் 1.95 என்றால் மார்ஜின் 2.5%, 1.90 என்றால் 5%, 1.85 என்றால் 7.5%. நிறுவனங்களின் பொதுப் போக்கை அளக்கப் புதியவர்களுக்கு இதுவே சிறந்த சந்தை என்பது என் கருத்து. ஒரே கோட்டை ஒப்பிட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை: ஓர் இடத்தில் −0.75 என்றும் இன்னோர் இடத்தில் −1 என்றும் இருந்தால் அவை இருவேறு பந்தயங்கள்.

எட்டாம் படி: ஆட்ஸுக்கு வெளியே இருக்கும் செலவுகள்

பந்தயக்காரர்கள் ஒருவருக்கொருவர் எதிராகக் கட்டிக்கொள்ளும் எக்ஸ்சேஞ்ச் தளங்களில் (பெட்ஃபேர் 2000இல் தொடங்கி இந்த வடிவத்தைப் பரவலாக்கியது) ஆட்ஸில் மார்ஜின் மிகக் குறைவாக இருக்கும். பதிலாக, வென்ற தொகையில் கமிஷன் பிடிப்பார்கள். 1.85 என்ற விலையில் 5% கமிஷன் என்றால், லாபமான 0.85ஐ 0.95ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்ட வேண்டும்: 1.8075. இது ‘இ’ நிறுவனத்தின் 1.83ஐவிடக் குறைவு. கமிஷன் 2% என்றால் 1.833; இப்போது எக்ஸ்சேஞ்ச் மயிரிழையில் முந்துகிறது. அந்த விலையில் எவ்வளவு தொகைக்கு எதிர்த்தரப்பு காத்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பிரபலமற்ற ஆட்டங்களில் திரையில் தெரியும் நல்ல விலை, மிகச் சிறிய தொகைக்கு மட்டுமே கிடைக்கும்.

வரியும் அப்படியே. ஜெர்மனியில் விளையாட்டுப் பந்தயத்துக்கு 2021 ஜூலை முதல் 5.3% வரி இருக்கிறது. அதைத் தாமே ஏற்கும் நிறுவனங்களும் வாடிக்கையாளரிடமிருந்து பிடிக்கும் நிறுவனங்களும் உண்டு. திரும்பும் தொகையில் 5% பிடிக்கப்பட்டால் 1.83 என்ற விலை உண்மையில் 1.7385 ஆகிவிடும், எதையும் பிடிக்காத ‘ஆ’ நிறுவனத்தின் 1.75கூட அதைவிட மேல். முதல் படியிலேயே பிடித்தம் போக வரும் ஆட்ஸைக் கணக்கிட்டு, பிறகு மற்றவற்றைச் செய்ய வேண்டும்.

போனஸை இதே அளவுகோலால் அளக்கலாம். 100 அலகு போனஸைப் பெற 500 அலகுக்குப் பந்தயம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால், 8.03% மார்ஜின் உள்ள இடத்தில் சராசரியாக 40 அலகு அதிலேயே போய்விடும், 4.26% உள்ள இடத்தில் 21 அலகு. குறைந்தபட்ச ஆட்ஸ், கால வரம்பு போன்ற நிபந்தனைகள் இதற்கு மேல்.

பல ஆட்டங்களை ஒன்றாகக் கோக்கும் அக்யுமுலேட்டர் பந்தயத்தில் மார்ஜின் ஒருமுறை மட்டும் எடுக்கப்படுவதில்லை, ஒவ்வோர் ஆட்டத்தின் திருப்பிச் செலுத்தும் விகிதமும் ஒன்றோடொன்று பெருக்கப்படுகிறது. ‘அ’ நிறுவனத்தின் 104.44% போன்ற நான்கு ஆட்டங்களைக் கோத்தால், பங்கு எல்லா முடிவுகளிலும் சமமாக இருக்கும் பட்சத்தில், சராசரியாகத் திரும்புவது 84% மட்டுமே. ‘ஆ’ நிறுவனத்தில் அது 71.5%. ஒரே ஆட்டத்துக்குள் பல நிகழ்வுகளைச் சேர்க்கும் பந்தயங்களில் நிகழ்வுகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால், வெளியிலிருந்து மார்ஜினைக் கணக்கிடவே வழியில்லை. அளக்க முடியாத விலையை வாங்காமல் இருப்பதே மேல்.

ஆட்டம் முடியும் முன்பே பந்தயத்தை நிறுவனத்திடம் விற்றுப் பணம் பெறும் கேஷ் அவுட் வசதி இன்னொரு விற்பனை. அதிலும் ஒரு பங்கு உண்டு. 1.83இல் கட்டிய 100 அலகு இப்போது 80% வெற்றி வாய்ப்பில் இருந்தால், அதன் நியாயமான மதிப்பு 146.4. திரையில் 139 என்று வந்தால், ஏற்கெனவே ஒருமுறை கொடுத்த மார்ஜினுக்கு மேல் 5% மறுபடியும் கொடுக்கிறோம்.

ஒன்பதாம் படி: பதிவேடு

ஓர் ஆட்டத்தின் மார்ஜினைக் கொண்டு எந்த நிறுவனத்தைப் பற்றியும் முடிவுக்கு வர வேண்டாம். விரிதாள் ஒன்றில் தேதி, நேரம், போட்டி, சுற்று, சந்தை, கோடு, ஒவ்வொரு முடிவின் ஆட்ஸ், பிடித்தங்கள் ஆகியவற்றை எழுதி, மார்ஜினைச் சூத்திரத்தால் வரவழையுங்கள். தகுதிச் சுற்று, லீக் கட்டம், நாக் அவுட் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொரு சந்தைக்கும் ஒரு நிறுவனத்தின் நடு மதிப்பை (மார்ஜின்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணை) காணுங்கள். ஒரே ஒரு விசித்திரமான விலை சராசரியை இழுத்துவிடும், நடு மதிப்பை அவ்வளவு அசைக்காது. ஒவ்வொரு தேர்விலும் எந்த நிறுவனம் எத்தனை முறை சிறந்த விலையைத் தந்தது என்ற தனிப் பத்தியும் இருக்கட்டும். நடைமுறையில் மார்ஜின் பத்தியைவிட அதுவே அதிகம் பயன்படும்.

பொது மைதானத்தில் நடக்கும் ஆட்டங்களுக்கு ஒரு குறியிட்டு வையுங்கள். 2025இல் அமெரிக்காவில் நடந்த 32 அணிகளின் கிளப் உலகக் கோப்பையில் பெரும்பாலான ஆட்டங்களில் ‘உள்ளூர் அணி’ என்பது பட்டியலில் முதலில் வரும் பெயர் மட்டுமே. இறுதிப்போட்டியில் செல்சியும் பாரிஸ் செயின்ட் ஜெர்மைனும் நியூ ஜெர்சியில் மோதின. அணிகளின் வரிசை தளத்துக்குத் தளம் மாறியிருந்தால், விரிதாளில் இரு அணிகளின் விலைகளும் இடம் மாறிப் பதிவாகிவிடும். மூன்று முடிவுச் சந்தையின் மார்ஜின் அப்போதும் சரியாகவே வரும் என்பதால் பிழை கண்ணில் படாது. சிறந்த விலைப் பத்திதான் முழுவதும் தவறாகிப்போகும்.

கடைசிப் பத்தியாக, அந்த விலையில் நிறுவனம் உண்மையில் ஏற்ற தொகையின் உச்ச அளவை எழுதுங்கள். தொடர்ந்து நல்ல விலைகளை மட்டும் எடுக்கும் வாடிக்கையாளரின் கணக்கைக் கட்டுப்படுத்தும் நிறுவனங்கள் பல; 2.5% மார்ஜினில் மிகச் சிறிய தொகையை மட்டும் ஏற்கும் கணக்கைவிட, 4% மார்ஜினில் கேட்ட தொகையை ஏற்கும் கணக்கு உங்களுக்கு அதிகம் பயன்படக்கூடும். விலைக் கொள்கையும் வரம்புகளும் பருவத்துக்குப் பருவம் மாறுவதால், தகுதிச் சுற்றுகள் தொடங்கும் ஜூலையில் புதிய தாள் ஒன்றைத் திறந்து, பழைய நடு மதிப்புகளை அருகில் வைத்துக்கொண்டு மறுபடியும் அளக்கத் தொடங்குங்கள்.